பக்கக்குறித் தொகுப்பும் ஊர்ப்பெயர் வேறுபாடும்

இணையத்தில் கண்ட பக்கமொன்றின் முகவரியைப் பின்னர்ப் பயன்படுத்தும் பொருட்டுச் சேர்த்து வைப்பதனைப் பக்கக்குறி என்கிறோம். ஒருவர் தம் கணினியில் மட்டும் சேர்த்து வைப்பின் அஃது அவர் ஒருவர்க்கே பயன்படும். ஆய்வாளர் பலர் சேர்த்தனவற்றை ஓரிடத்தில் தொகுத்து, ஒவ்வொன்றற்கும் பொருளை உணர்த்தும் குறிச்சொற்களை இணைத்து வைப்பின் அது யாவர்க்கும் பொதுவான கருவூலமாகும். இத்தகைய தொகுப்புத் தமிழாய்வுக்குப் பயன்பட வேண்டுமாயின் முதற்கண் செய்யத்தக்கது யாது என்பதனை, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் என்னும் அடுத்தடுத்த ஊர்கள் இரண்டனையும் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பக்கக்குறிகளைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் முறையைப் பரவச் செய்தது, ஜோஷுவா ஷாக்டர் என்பவர் 2003இல் தொடங்கிய டெலிசியஸ் என்னும் தளமாகும். அதில் ஒவ்வொருவரும் தாம் விரும்பிய சொல்லையே குறிச்சொல்லாக இட்டனர். வல்லுநர் வகுத்த பகுப்பின்றி மக்கள் வழங்கும் சொற்களாலேயே அமையும் இவ்வகைப்பாட்டிற்கு, 2004இல் தாமஸ் வாண்டர் வால் என்பவர் ‘ஃபோக்ஸானமி’ என்று பெயரிட்டார்.

பொருள்களை ஒழுங்குசெய்யும் முறை இருவகைப்படும். அவை இரண்டும் தமிழ் மாணவர்க்குப் புதியன அல்ல. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்றவை பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். சுழியில் முடிபவை நெய்தல். அங்கே ஒரு பாட்டிற்கு ஓரிடமே உண்டு. கணினியில் கோப்புறை அமைத்துப் பக்கங்களை அடுக்குவது இதனைப் போன்றது. புறநானூற்றிலோ பாட்டுக்கள் பெரும்பாலனவற்றிற்குத் திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் எனக் குறிப்புக்கள் பல உள. ஒரு பாட்டையே துறை பற்றியும் தேடலாம். புலவர் பெயர் பற்றியும் தேடலாம். குறிச்சொல் முறை இதனை ஒத்தது. ஆயினும் திணை, துறைப் பெயர்கள் புலவருலகம் ஒருமித்து ஏற்றவை. இணையக் குறிச்சொற்களோ அத்தகைய உடன்பாடு இன்றி இடப்படுபவை. இடர்ப்பாடு எழுவது இங்கேதான்.

திருவில்லிபுத்தூரைப் பற்றிய பக்கங்களைப் பலர் தொகுக்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ எனவும், மற்றொருவர் ‘திருவில்லிபுத்தூர்’ எனவும், வேறொருவர் ‘சீவில்லிபுத்தூர்’ எனவும் குறிப்பர். ஆழ்வார் பாசுரங்களில் பயிலும் ‘வில்லிபுத்தூர்’, ‘புதுவை’ என்னும் வடிவங்களை இடுவாரும் இருப்பர். ‘புதுவை’ என்று தேடுவார்க்குப் புதுச்சேரியும் உடன்வந்து நிற்கும். ‘வில்லி’ என்று தேடுவார்க்குப் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் தோன்றுவார். அவர் பிறந்த ஊரோ திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர் என்பது மரபு. இனி, ‘ஸ்ரீ’ என்னும் எழுத்திலும் ஒரு சிக்கல் உளது. 2005ஆம் ஆண்டு ஒருங்குறியில் ‘ஶ’ சேர்க்கப்பட்டது. அதன்பின் ‘ஸ்ரீ’ என்பது பழைய முறையில் ஸகரங் கொண்டும், புதிய முறையில் ஶகரங் கொண்டும் இருவாறு உள்ளிடப்படுகிறது. கண்ணுக்கு இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே தோன்றும். எழுத்துக் குறியீட்டை அப்படியே ஒப்பிடும் பொறிக்கோ அவை வெவ்வேறு சொற்களாம்.

இராசபாளையத்தின் நிலையும் இதுவே. ராஜபாளையம், இராஜபாளையம், இராசபாளையம் என வடிவங்கள் பல. அவ்வூர்ப் பெயரே புகழ்பெற்ற நாயினம் ஒன்றற்கும் பெயராதலின், 1936இல் தோன்றிய இராசபாளையம் ஆலையைப் பற்றித் தேடுவார்க்கு வேட்டைநாய்ப் பக்கங்களும் வந்து குவியும்.

மாவட்டப் பெயரைத் துணைக்கொள்ளலாம் எனின், அதுவும் காலந்தோறும் மாறியுளது. இவ்வூர்கள் 1910க்கு முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்தையும், பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்தையும் சார்ந்திருந்தன. 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சார்ந்தவை. 1875இல் திருவில்லிபுத்தூரில் தோன்றிய பொதுநூலகம், திருநெல்வேலி மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்த பென்னிங்டன் பெயரைத் தாங்கி நிற்பதற்குக் காரணமும் இவ்வரலாறே. ஆதலின் ‘விருதுநகர்’ என்னும் குறிச்சொல்லை மட்டும் நம்பும் மாணவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களைக் காணாது விடுவர். காணாது விட்டமையையும் அவர் அறியார், அதுவே பெருங்கேடு.

இக்கேட்டினை நீக்கும் வழிகள் சில. முதலாவது, தொகுப்பில் ஈடுபடுவோர் ஊர், ஆசிரியர், நூல் ஆகியவற்றிற்குத் தலைமை வடிவம் ஒன்றனை உடன்பட்டு வரையறுத்து, ஏனை வடிவங்களை அதனோடு இணைத்துக் காட்டும் பெயரடைவு ஒன்று வைத்தல் வேண்டும். இரண்டாவது, இடப்பெயரோடு காலத்தையும் பொருளையும் தனித்தனிக் குறிச்சொற்களாக இடுதல் வேண்டும். ‘திருவில்லிபுத்தூர்’ என்பதனோடு ‘கல்வெட்டு’ என இருப்பின், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவும், 2021இல் அமைந்த புலிகள் காப்பகமும் இடைப்புகா. மூன்றாவது, பக்கத்தின் தலைப்பு, ஆசிரியர், கண்ட நாள், அதனைச் சேர்த்தமைக்குரிய காரணம் ஆகியவற்றை ஓரிரு தொடரில் எழுதுதல் வேண்டும்.

இவை எல்லாம் செய்யினும் நிலைபேறு ஒன்று வேண்டும். டெலிசியஸ் 2005இல் யாகூ நிறுவனத்தின் உடைமையாயிற்று. பின்னரும் கைம்மாறி, 2017இல் பின்போர்டு என்னும் தளத்தாரால் வாங்கப்பட்டு, புதிய குறிகளை ஏலாது நின்றது. ஆய்வாளர்க்கெனவே 2004இல் தோன்றிய சைட்யூலைக் 2019இல் நின்றுவிட்டது. பிறர் தளத்தில் வைத்த செல்வம் அவர் கதவடைக்கும் நாள்வரையே நமதாகும். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் உருவான ஸோட்டெரோ போன்ற கருவிகள் குழுவாகச் சேர்க்கவும், குறிச்சொல் இடவும், பக்கத்தின் படியைக் காக்கவும் உதவுவன. எனினும் கருவி எதுவாயினும், தொகுப்பின் முழுப்படியை ஆண்டுதோறும் வெளியே எடுத்துத் துறை நூலகத்தில் வைத்தல் இன்றியமையாதது. இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷினில் பக்கத்தைப் பதிந்து அம்முகவரியையும் உடன் குறிப்பின், மூலப்பக்கம் மறைந்துழியும் சான்று பெரும்பாலும் எஞ்சும்.

ஆதலின் முகவரிகளை மிகுதியாகக் குவித்தல் தொகுப்பு ஆகாது. பெயரில் உடன்பாடும், படியைக் காக்கும் பொறுப்பும் அமைந்தவழியே அது பின்வரும் ஆய்வாளர்க்குப் பயன்படும் தொகையாகும். தமிழ்த்துறைகள் தத்தம் வட்டாரத்து ஊர்ப்பெயரடைவு ஒன்றனை முதற்பணியாக மேற்கொள்ளின், அப்பயன் விரைவிற் கைகூடும்.