ஸ்விட்ச் விழுந்தால் உயிர் பிழைக்கும்

மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஒரு சிறிய கருவி. பல வீடுகளில் அது இல்லை. இருக்கும் வீடுகள் சிலவற்றில், 'தொல்லை' என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

மே மாத டெல்லி. மொட்டை மாடி அறையின் ஜன்னலை அடைத்துக்கொண்டு தகர உடம்போடு நிற்கிறது கூலர். சாயங்காலமானால் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஈரமான தரை, வெறுங்கால், கையில் வாளி. கூலர் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு நிமிட வேலைக்கு யார் அதை நிறுத்துவது? உள்ளே தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் பம்பின் வயரில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல். வாளி தகரத்தில் உரசும் அந்த நொடிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

வட இந்தியக் கோடையில் பத்திரிகைகளின் உள்பக்கங்களில் இப்படி ஒரு மரணம் வந்துகொண்டே இருக்கிறது. மற்ற ஊர்களில் பொருள்தான் வேறு: பக்கெட்டுக்குள் போடும் ஹீட்டர் ராடு, துருப்பிடித்த கீசர், ஈரக் கையோடு தொடும் கிரைண்டர், தண்ணீர் மோட்டார். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021ல் நாட்டில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000க்கும் அதிகம். அறுந்து விழுந்த கம்பி, வயல் மோட்டார், தொழிற்சாலை எல்லாம் அதில் அடக்கம். ஆனால் வீட்டுக்குள் நடக்கும் சாவுகளில் பலவற்றைச் சுமார் 2,000 ரூபாய்க் கருவி ஒன்று தடுத்திருக்க முடியும்.

அதன் பெயர் ஆர்.சி.சி.பி. கடைக்காரரும் எலக்ட்ரீஷியனும் இன்னும் பழைய பெயரில் ஈ.எல்.சி.பி. என்பார்கள். மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில், டி.பி. பாக்ஸுக்குள், மற்ற ஸ்விட்சுகளைவிடச் சற்று அகலமாக, 'டி' என்று எழுதிய சின்னப் பட்டனோடு இருக்கும்.

எம்.சி.பி. போதாதா?

'எம்.சி.பி. இருக்கிறதே, எர்த்தும் போட்டிருக்கிறதே' என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில். இரண்டும் அவசியம். ஆனால் இரண்டும் போதாது.

ப்யூஸும் எம்.சி.பி.யும் வயரைக் காப்பாற்றப் பிறந்தவை. 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவைத் தாண்டி மின்சாரம் பாய்ந்து வயர் சூடேறினால்தான் விழும். மனித உடம்புக்கு அவ்வளவு தேவையில்லை. ஈரமான உடம்பின் தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அதன் வழியே பாய்வது 230 மில்லி ஆம்பியர். ஒரு 60 வாட் குண்டு பல்பு எரிவதற்கு வேண்டியதைவிடக் குறைவு. எம்.சி.பி.யின் பார்வையில் அந்த மனிதர் இன்னொரு பல்பு, அவ்வளவுதான். ஆனால் இதயத்தின் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு சிறு பகுதியே போதும்.

எர்த்தின் கதையும் அப்படித்தான். வீட்டு எர்த் குழியின் தடை 20 ஓம் என்றால், கூலரின் உடம்பில் பேஸ் பட்டதும் மண்ணுக்குள் போவது அதிகபட்சம் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. தகரத்தில் மின்சாரம் அப்படியே நிற்கும். பல வீடுகளில் எர்த் குழி தண்ணீர் கண்டு வருஷங்கள் ஆகியிருக்கும். சில வீடுகளில் மூன்று பின் சாக்கெட்டின் பெரிய துளைக்குப் பின்னால் வயரே இருக்காது.

ஆர்.சி.சி.பி. பார்ப்பது வேறு கணக்கு. பேஸ் வழியே வீட்டுக்குள் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்பி வரவேண்டும். இரண்டு வயர்களும் கருவிக்குள் ஒரே காந்த வளையத்தின் ஊடாகப் போகின்றன. போவதும் வருவதும் சமம் என்றால் வளையம் சும்மா இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் அது வேறெங்கோ, ஒருவேளை ஒரு மனிதரின் உடம்பு வழியே, மண்ணுக்குப் போகிறது என்று பொருள். அந்த அளவு கசிந்தால் 0.3 நொடிக்குள் இணைப்பு துண்டிக்கப்பட வேண்டும் என்பது தரவிதி. கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் வேகம்: 0.04 நொடி. சுரீர் என்று அடிக்கும், ஆனால் பிடித்து வைத்துக்கொள்ளாது.

இந்த 'பிடித்து வைத்துக்கொள்வதை' அளந்து பார்த்தவர் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல். கம்பியைப் பிடித்த கையை மனிதர் தாமாக விடுவிக்க முடியும் எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று தன்னார்வலர்களைக் கொண்டு கண்டறிந்தார். 1961ல் அவர் உருவாக்கிய கருவி 5 மில்லி ஆம்பியரிலேயே விழும். அமெரிக்காவில் 1975 முதல் புதிய வீடுகளின் குளியலறை சாக்கெட்டுகளுக்கு இத்தகைய காப்பு கட்டாயமானது. அங்கே அது சாக்கெட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலும் டி.பி. பாக்ஸில், மொத்த வீட்டுக்கும் சேர்த்து.

இந்தியாவில் விதி தாமதமாகவே வீட்டுப் பக்கம் திரும்பியது. 2010ல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு விதிகள் மின்கசிவுக் காப்பைக் கட்டாயமாக்கின. ஆனால் 250 வோல்ட்டுக்கு மேற்படாத, 5 கிலோவாட்டுக்குக் குறைந்த இணைப்புகளுக்கு விலக்கு உண்டு என்றன. நடுத்தர வீடுகளில் பெரும்பாலானவை அந்த விலக்குக்குள் அடங்கிவிட்டன. 2023ல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. ஆனால் எந்த விதியும் பழைய வாடகை வீட்டின் டி.பி. பாக்ஸைத் தானாக வந்து திறந்து பார்ப்பதில்லை.

வாங்கும்போது

டெல்லி பாகீரத் பேலஸானாலும் மும்பை லோஹார் சாலானாலும் கொல்கத்தா எஸ்ரா தெருவானாலும் கடையில் கேட்க வேண்டியவை சில. முதலாவது '30 மில்லி ஆம்பியர்'. 100, 300 என்று எழுதியவையும் அதே உருவத்தில், அதே அலமாரியில் இருக்கும். அவை தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காக்காது. இரண்டாவது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 12640 என்ற தர எண்ணும். மூன்றாவது, ஆம்பியர் அளவு. மெயின் எம்.சி.பி. 32 என்றால் ஆர்.சி.சி.பி. 40 ஆக இருப்பது நல்லது. சிங்கிள் பேஸ் வீட்டுக்கு இரண்டு போல், மூன்று பேஸ் வீட்டுக்கு நான்கு போல். இன்வெர்ட்டர் ஏ.சி., நவீன வாஷிங் மெஷின் இருக்கும் வீட்டுக்கு 'ஏ' வகை பொருத்தம், சாதாரண 'ஏ.சி.' வகை சில மின்னணுக் கசிவுகளைக் கவனிக்காமல் விட்டுவிடும்.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. ஆர்.சி.சி.பி. அதிக லோடையோ ஷார்ட் சர்க்யூட்டையோ தடுக்காது. எம்.சி.பி.யும் கூடவே இருக்க வேண்டும். இரண்டு வேலையையும் ஒன்றே செய்யும் ஆர்.சி.பி.ஓ.வும் கிடைக்கிறது, விலை கூடுதல்.

மாட்டும்போது

இது உரிமம் பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. வீட்டுக்காரர் செய்ய வேண்டியது பக்கத்தில் நின்று நாலு விஷயங்களைக் கவனிப்பது.

மெயினை அணைத்த பிறகு டெஸ்டரை வைத்துப் பார்க்கிறாரா? அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முன்னதாக மின்சாரம் உள்ள இடத்தில் சோதித்தாரா? பேஸ், நியூட்ரல் இரண்டும் கருவி வழியே போகின்றனவா? கருவியைத் தாண்டி வரும் நியூட்ரல், வீட்டில் வேறெந்த நியூட்ரலோடும் எர்த்தோடும் சேராமல் தனியாக ஓடுகிறதா?

கடைசிக் கேள்வியில்தான் வில்லங்கம். பழைய வீடுகளில் எல்லா நியூட்ரலையும் ஒரே முடிச்சாகக் கட்டியிருப்பார்கள். எர்த் இல்லாத சாக்கெட்டில் நியூட்ரலையே எர்த் பின்னுக்கும் இழுத்து விட்டிருப்பார்கள். இது பேராபத்து: எங்காவது நியூட்ரல் அறுந்தால் பிரிட்ஜின் உடம்பு முழுவதும் 230 வோல்ட். ஆர்.சி.சி.பி. மாட்டியதும் இந்தக் குளறுபடிகளெல்லாம் வெளியே வரும். ஸ்விட்ச் விழுந்துகொண்டே இருக்கும். இன்வெர்ட்டரின் நியூட்ரல் மெயினோடு கலந்திருந்தாலும் அதே கதை.

இங்கேதான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. இரண்டு முறை வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் மூன்றாம் முறை, "இது சும்மா சும்மா டிரிப் ஆகுது சார், டைரக்டா கொடுத்துடறேன்" என்கிறார். பிரிட்ஜில் பால் கெடாமல் இருந்தால் போதும் என்று வீட்டுக்காரரும் தலையாட்டுகிறார். கருவி பாக்ஸிலேயே இருக்கும், மின்சாரம் மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு போகும். பட்டனைப் பார்ப்பவர்களுக்குக் காப்பு இருப்பதாக நம்பிக்கை. கருவி இல்லாத வீட்டைவிட இது மோசம்.

விழுந்தால் என்ன செய்வது?

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. உலர்ந்த கை, காலில் ரப்பர் செருப்பு. எல்லா எம்.சி.பி.களையும் கீழே தள்ளிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மேலே ஏற்ற வேண்டும். பிறகு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றினால், எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் கோளாறு. அதில் உள்ள பொருள்களின் ப்ளக்கைக் கழற்றிவிட்டு மீண்டும் முயன்றால், குற்றவாளி கீசரா, மிக்சியா, வயரா என்று தெரிந்துவிடும். எல்லா ப்ளக்கையும் கழற்றிய பிறகும் விழுந்தால் வயர்மேனைக் கூப்பிட வேண்டியதுதான். கீசர், கூலர், மோட்டார் லைனுக்குத் தனி ஆர்.சி.சி.பி. போட்டால், கூலரின் கோளாறுக்குப் பிரிட்ஜ் அணையாது; 'டைரக்ட்' கொடுக்கும் ஆசையும் வராது.

சுவரை உடைக்க முடியாத வாடகைக்காரர்களுக்கும் வழி உண்டு. கூலர், ஹீட்டர் ராடு மாட்டும் ப்ளக் பாயின்ட்டுக்கு முன்னால் சிறிய பெட்டியில் ஒரு ஆர்.சி.சி.பி.யை வைக்கலாம். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

எர்த் இல்லாத வீட்டிலும் கருவி வேலை செய்யும். ஆனால் அங்கே கசிவுக்குக் கிடைக்கும் முதல் பாதை மனித உடம்புதான்; யாராவது தொட்ட பிறகே விழும். நல்ல எர்த் இருந்தால், தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும்.

கருவிக்கும் எல்லை உண்டு. ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால், போனதும் வந்ததும் சமம் என்று அது சும்மா இருந்துவிடும். தெருவில் அறுந்து கிடக்கும் கம்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே தண்ணீர் ஊற்றும்முன் ப்ளக்கைப் பிடுங்குவது, ராடு மின்சாரத்தில் இருக்கும்போது பக்கெட்டில் கைவிடாதது போன்ற பழக்கங்களுக்கு மாற்றுக் கிடையாது. யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால் 112க்குப் போன் செய்துவிட்டு, நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும்.

கருவி இருக்கும் வீட்டில் மிச்சம் ஒரு வேலைதான். மாதம் ஒரு முறை அந்த 'டி' பட்டனை அழுத்திப் பார்ப்பது. அது உள்ளுக்குள் ஒரு பொய்க் கசிவை உண்டாக்கும். ஸ்விட்ச் 'டக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் கருவி செத்துவிட்டது, அல்லது யாரோ அதைச் சுற்றி வயரை இழுத்துவிட்டார்கள். இரண்டில் எதுவானாலும், அதைத் தெரிந்துகொள்ள அந்தப் பட்டன் நல்ல வழி. கையில் வாளியோடு கூலர் பக்கத்தில் நிற்கும்போது தெரிந்துகொள்ளக் கூடாது.