காகிதக் கூழில் துகள்கள் திரளும் விதம்

மழைக்காலத்தில் கலங்கி வரும் நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்து விட்டாலும், படிகாரத்தைக் கரைத்து விட்டாலும், சற்று நேரத்தில் சேறு அடியில் படிந்து நீர் தெளிவதை நாம் அறிவோம். கண்ணுக்குப் புலப்படாத மண் துகள்கள் ஒன்றோடொன்று கூடித் திரண்டு கனமாவதே இதற்குக் காரணமாகும். இதே தத்துவம் காகித ஆலைகளிலும் பெரிதும் பயன்படுகின்றது. கரும்பு பயிரிடும் விவசாயிகளும், ஆலைகளை அடுத்துள்ள பஞ்சாயத்துகளின் அங்கத்தினர்களும் இதனை அறிந்திருத்தல் நலம்.

தமிழக அரசால் 1979-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, 1984-இல் உற்பத்தியைத் தொடங்கிய புகளூர்க் காகித ஆலை, கரும்புச் சக்கையை முதன்மையான மூலப்பொருளாகக் கொண்டு அமைக்கப்பட்டது. சக்கையின் நார் மூங்கில் நாரைவிடக் குட்டையானது. சக்கையினுள் பஞ்சு போன்றிருக்கும் சோற்றுப் பகுதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். அதில் பெரும்பகுதியை முன்னதாகவே நீக்கிவிட்டாலும், எஞ்சிய சோறும் நுண்ணிய நார்த்துணுக்குகளும் கூழில் நின்றுவிடுகின்றன. காகிதத்திற்கு வெண்மையும் வழவழப்பும் தருவதற்காகச் சேர்க்கப்படும் சுண்ணாம்புத் தூளும், வெண்களிமண்ணும் இவற்றினும் நுண்ணியவை.

கூழ் இயந்திரத்தின் வலைமீது பாயும்போது, அதில் 100-க்கு 99 பங்குக்கு மேல் நீரே உள்ளது. நீர் வடிகையில் நீண்ட நார்கள் வலையில் தங்கும். நுண்துகள்களோ கண்கள் வழியே நழுவிவிடும். அந்நீரின் பெரும்பகுதி மீண்டும் கூழுடன் கலக்கப்படுகின்றது. மிகுதி கழிவுநீராக வெளியேறுகின்றது. எனவே, துகள்கள் தங்காவிடில் பொருள் நஷ்டமாவதுடன், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சுமையும் பெருகும்.

இத்துகள்கள் தாமாகத் திரளாமைக்குக் காரணம் என்ன? நீரில் அவை பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் பெற்றிருப்பதால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. படிகாரமும், நேர்மின்னேற்றம் ஊட்டப்பெற்ற மாவுப்பசையும் இவ்விலக்கத்தைத் தணிக்கின்றன. நீண்ட சங்கிலி போன்ற பாலிமர்கள் பல துகள்களை ஒருங்கே பற்றிப் பாலமிட்டு இணைக்கின்றன.

ஆயினும், மிகுதியாகத் திரட்டுவதும் தீமையே. நார்களும் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிட்டால், காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கையில் மேகம் கவிந்தாற்போல் திட்டுகள் தெரியும். அச்சு மை சீராகப் பதியாது; மெல்லிய இடங்களில் தாள் எளிதில் கிழியும். மருந்து அளவு மீறினால் துகள்கள் நேர்மின்னேற்றம் பெற்று மீண்டும் பிரிந்து நிற்பதும் உண்டு.

ஆகவேதான் அளவீடு இன்றியமையாததாகின்றது. வலைக்கு வரும் கூழில் லிட்டருக்கு 8 கிராம் திடப்பொருளும், வலைக்கு அடியில் வடியும் நீரில் லிட்டருக்கு 2 கிராமும் இருப்பதாகக் கொள்வோம். 8-இல் 6 பங்கு தங்கிற்று. அதாவது தங்கும் விகிதம் 100-க்கு 75 ஆகும். இவ்விகிதம் குறைந்தால் திரட்சி போதவில்லை என்று அறியலாம். கூழின் மின்னேற்றத்தை அளக்கும் கருவிகளும் உள்ளன. மேலும், அடியில் வலை பொருத்திய ஜாடியில் கூழை இட்டு, வெவ்வேறு வேகங்களில் கலக்கி வடித்துச் சோதிப்பர். வேகமாகக் கலக்கினால் திரண்டவை சிதறிவிடும். ஆதலின் எவ்வளவு மருந்து என்பதுடன், அதை எவ்விடத்தில் சேர்ப்பது என்பதும் முக்கியமாகும்.

இம்முறை நம் குடிநீர்த் திட்டங்களுக்கும் பொருந்தும். கலங்கல் நாளுக்கு நாள் மாறுவதால், படிகாரத்தைக் கைக்கு வந்தபடி இடுதல் கூடாது. ஒரே அளவு நீருள்ள சில ஜாடிகளில் லிட்டருக்கு 10, 20, 30 மில்லிகிராம் எனப் படிகாரம் இட்டு, முதலில் ஒரு நிமிடம் விரைவாகவும், பின் 15 நிமிடங்கள் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் அசையாமல் வைக்கவேண்டும். நன்கு தெளிந்த ஜாடிகளுள் மிகக் குறைந்த அளவு எதுவோ, அதுவே அன்றைக்கு ஏற்ற அளவாகும். தெளிந்த நீரிலும் நோய்க்கிருமிகள் இருக்கக் கூடுமாதலால், குளோரின் கலப்பதையும் தவறாது செய்தல் வேண்டும்.

ஆலையாயினும் ஊர்த் தொட்டியாயினும், குறைந்த மருந்தும் கேடு, மிகுந்த மருந்தும் கேடு. அளந்து இடுவதே பொருளையும் நீரையும் காக்கும் வழியாகும்.