ஆரணிக்கு எட்டாத ரயில் பாதை

ஆரணிக்கு ரயிலில் வருகிறவர்கள் களம்பூரில் இறங்க வேண்டும். அங்குள்ள நிலையத்துக்குத்தான் ஆரணி ரோடு என்று பெயர். பட்டுத் தறிகள் ஓடும் ஆரணி அங்கிருந்து சுமார் 12 கி.மீ. தள்ளி இருக்கிறது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அது அகலப்பாதை, தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மி.மீ. போக்குவரத்து குறைவான பகுதிகளுக்கும் அதே அகலத்தில் பாதை போட்டால் செலவு கட்டுப்படியாகாது என்று கருதிய வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு, 1870இல் மீட்டர் பாதையைத் தேர்ந்தெடுத்தது. இடைவெளி 1,000 மி.மீ.தான் என்பதால் கரை குறுகலாக இருந்தால் போதும். பாலமும் தண்டவாளமும் இலகுவானவை. குறுகிய வளைவிலும் வண்டி திரும்பும், ஆகவே குன்றை வெட்டாமல் சுற்றிப் போகலாம். வேல்ஸ் நாட்டில் பலகைக்கல் சுமந்த ஃபெஸ்டினியோக் பாதை இன்னும் குறுகல், 600 மி.மீ.க்கும் குறைவு. அதே 1870இல் அங்கே ஃபேர்லி வடிவமைத்த இரட்டை எஞ்சின் வளைவுகளில் ஓடுவதைப் பார்க்கப் பல நாட்டுப் பொறியாளர்கள் போனார்கள்.

மீட்டர் பாதையின் சிக்கனத்தில் பிறந்ததுதான் விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடி சேரும் சுமார் 160 கி.மீ. கிளைப்பாதை. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1890களின் தொடக்கத்தில் போட்டது. மிச்சப்பட்ட பணத்துக்கான விலையைக் காட்பாடியில் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே அகலப்பாதை குறுக்கிட்டது. வேகன் தாண்ட முடியவில்லை. மூட்டை மூட்டையாக இறக்கி அடுத்த வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. நாளும் கூலியும் போயின, சரக்கும் சேதமானது. கிளைப்பாதைகள் லாரியிடம் தோற்றதற்கு இந்த இறக்கி ஏற்றும் வேலையே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

1992இல் பாதைகளை அகலப்பாதையாக்கும் ஒரே அகலத் திட்டம் வந்தது. இந்தப் பாதை 2010 வாக்கில் அகலப்பாதையானது. வேலை நடந்தபோது ரயில் இல்லாமல் இந்த வட்டார மக்கள் பட்ட சிரமம் கொஞ்சமல்ல. ஆனாலும் மாற்றியது சரிதான்.

பிரிட்டனின் கதை வேறு. 1963இல் பீச்சிங் அறிக்கை 2,363 நிலையங்களை மூடச் சொன்னது. வேல்ஸில் கார்மார்தன்–அபெரிஸ்ட்வித் பாதையில் 1965இல் பயணிகள் ரயில் நின்றது. அதைத் திரும்பக் கேட்கும் குரல் இன்னும் ஓயவில்லை.

ஆரணி கேட்பது முதல் ரயிலை. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு வழியாக நகரி செல்லும் சுமார் 180 கி.மீ. புதிய பாதைக்கு 2006-07இல் ஒப்புதல் கிடைத்தது. நிலமெடுப்பும் நிதியும் அதை இழுத்தடிக்கின்றன. கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத்துச் சரிகையும் தேவைப்படும் ஊருக்கு அந்தப் பாதை அவசியம். இது தொடக்கத்திலிருந்தே அகலப்பாதை என்பதால், ஆரணியில் ஏற்றும் சரக்கை வழியில் எங்கும் இறக்கி மாற்ற வேண்டியிருக்காது.