அடங்காத தாகம்

இலங்கையில் மிகுதியாக மழை பெறும் நகரங்களுள் இரத்தினபுரியும் ஒன்று. ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் அங்கு மழை பொழிகிறது. கேகாலை மலைச்சரிவுகளிலும் மழைக்குக் குறைவில்லை. கோடையிலும் பீலி வற்றாத தோட்டங்கள் பல உண்டு. ஆயினும் இவ்விரு மாவட்டத் தோட்டங்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, "எவ்வளவு தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்க மாட்டேங்குது சாமி" என்பதுதான். கொழுந்து பறிக்கும் தாய்மார் சொல்கிறார்கள். இறப்பர் பால் வெட்டும் ஆண்கள் சொல்கிறார்கள். தற்காலிகக் கொட்டில்களில் காலம் கழிக்கும் முதியவர்களும் சொல்கிறார்கள். "உடம்புச் சூடு" என்ற ஒரு விடையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். கொத்தமல்லியில் தவறில்லை. ஆனால் வாரக்கணக்காக நீடிக்கும் தாகத்துக்கு அது விடையாகாது.

தாகம் என்பது மூளை தரும் ஓர் அறிவிப்பு. இரத்தத்தில் நீர் குறைந்தாலும், அதில் உப்பின் செறிவு கூடினாலும் மூளை அதை உணர்ந்து வாயை உலரச் செய்து, "தண்ணீர் கொண்டுவா" என்று கேட்கிறது. வெயிலில் உழைப்பவருக்குத் தாகம் எடுப்பது இயல்பு. சப்ரகமுவவில் இன்னுமொன்றும் சேர்ந்துகொள்கிறது. இங்கு காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் அது காயாமல் வழிந்தோடுகிறது. உடம்பு குளிர்வதில்லை, வியர்ப்பதும் நிற்பதில்லை. வெயில் தெரியாத மூடலான நாளிலும் பால்வெட்டுத் தொழிலாளியின் சட்டை நனைந்திருப்பது இதனால்தான். அந்த நீரையும் உப்பையும் திரும்ப ஈடுசெய்தாக வேண்டும்.

தட்டில் இருந்த தண்ணீர்

நாம் குடிக்கும் தண்ணீர் மட்டுமே உடம்புக்குள் போகும் தண்ணீர் அல்ல. ஒரு நாளில் உடம்பு பெறும் நீரில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உணவிலிருந்தே கிடைக்கிறது. வெந்த சோற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். கஞ்சியில் அதைவிட அதிகம். வெள்ளரி, கெக்கரி, பீர்க்கு, புடோல், நீத்துப்பூசணி ஆகியவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீரே. கோதுமை மா ரொட்டியிலோ மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதனுடன் கட்டைச் சம்பலும் ஒரு துண்டுக் கருவாடும் சேர்ந்தால், உடம்புக்குள் நீர் குறைவாகவும் உப்பு அதிகமாகவும் போகின்றன. அந்த உப்பைச் சிறுநீரோடு வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு மேலும் தண்ணீர் தேவை. காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு மலை ஏறுபவருக்குப் பத்து மணிக்குத் தாகம் எடுக்காமல் எப்படி இருக்கும்?

எமது வாசகர்களிற் பலர் மண்ணையும் வீட்டையும் இழந்து இடம்பெயர்ந்தவர்கள். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாட்களில் புளத்கொஹுப்பிட்டியின் களுப்பஹன தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போயிற்று. 2017 மே மாத வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரியைப் புரட்டிப் போட்டன. 2025 நவம்பரில் தித்வா சூறாவளி வந்தபோது கேகாலை மாவட்டம் மறுபடியும் அடிபட்டது. இழப்புக் கணக்கு எழுதும்போது வீடு, தட்டுமுட்டு, ஆடு மாடு என்றுதான் எழுதுகிறோம். வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கீரைப் பாத்தியை யாரும் எழுதுவதில்லை. வல்லாரையும் பொன்னாங்காணியும் பீர்க்கும் பறித்துச் சமைத்த குடும்பம், நிவாரணப் பொதியில் வரும் மாவையும் பருப்பையும் கருவாட்டையும் நூடுல்ஸையும் நம்ப வேண்டியதாகிறது. பொதி அனுப்புபவர்களைக் குறை சொல்லவில்லை; கெட்டுப்போகாத பொருளைத்தான் அனுப்ப முடியும். ஆனால் கெட்டுப்போகாத பொருள் என்றால் பெரும்பாலும் உலர்ந்தது, அல்லது உப்பிட்டது. தோட்டம் போனபோது தட்டில் இருந்த தண்ணீரும் போய்விட்டது.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஒரு தேக்கரண்டி அளவு; கறியில், சம்பலில், கருவாட்டில் உள்ள எல்லாம் சேர்த்து. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் உப்பு ஓரளவு குறையும். நூடுல்ஸ் பொதியிலுள்ள தூளைப் பாதி போட்டாலும் சுவை கெட்டுவிடாது.

கோப்பையில் இருப்பது

தேத்தண்ணீர் உடம்பை வற்றச் செய்யும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அளவோடு குடிக்கும் சாயத் தேத்தண்ணீர் அப்படிச் செய்வதில்லை. அதிலுள்ள தண்ணீரும் உடம்பில் சேரத்தான் செய்கிறது. சிக்கல் சீனியில் இருக்கிறது. கோப்பைக்கு மூன்று கரண்டி என்று ஐந்து கோப்பை குடித்தால் பதினைந்து கரண்டி. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு உச்ச எல்லையாகச் சொல்லப்படுவது 50 கிராம், ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு கரண்டி. உணவோடு சேர்த்துச் சாயம் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதும் குறையும். இரத்தச்சோகை மலிந்த தோட்டங்களில் இது சிறிய விஷயமல்ல. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் நல்லது.

தாகத்துக்குச் சோடா வாங்கும் பழக்கம் இப்போது லயங்களிலும் வந்துவிட்டது. 2016 ஆகஸ்ட் முதல் இந்நாட்டில் விற்கப்படும் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இருக்கிறது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும்போது அந்தக் குறியை ஒருமுறை பாருங்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. மண்சரிவுக்குப் பின் பாடசாலைக் கட்டிடமொன்றில் தங்கியிருந்த ஓர் அக்காவுக்கு, நாற்பது வயதிருக்கும், தாகம் தாங்கவில்லை. முகாம் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் சிலர். கவலை என்றார்கள் வேறு சிலர். யாரோ கொடுத்த ஆரஞ்சுப் பானத்தை அவர் போத்தல் போத்தலாகக் குடித்தார். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடிற்று. இரவில் ஆறேழு முறை எழுந்து போனார். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. "அம்மா ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குது" என்று அவருடைய மகள் சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தத்தில் சீனி 400ஐத் தாண்டியிருந்தது. இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் நினைவிழந்திருப்பார் என்றார் வைத்தியர்.

அவருக்கு நேர்ந்தது நீரிழிவு. இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைத் தடுத்து வைக்க முடிவதில்லை. சீனி சிறுநீரோடு இறங்குகிறது. தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் தாகம், தாகத்துக்கு இனிப்புப் பானம், அதனால் இன்னும் சீனி. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத மெலிவு, பார்வை மங்கல், ஆறாத புண் ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். வெறுவயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்று கொள்வார்கள். பொதுவாக இன்னொரு முறையும் பார்த்து உறுதிசெய்வார்கள். 35 வயதைத் தாண்டியவர்களை இலவசமாகப் பரிசோதிக்கும் நிலையங்கள் 2011 முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்குகின்றன. படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி நனைத்து, தாகமும் மெலிவும் காட்டினால் அன்றைக்கே கொண்டுபோங்கள். பிள்ளைகளுக்கு வரும் நீரிழிவு காத்திருக்காது.

வேறு காரணங்களும் உண்டு. பிரஷருக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டும். வேறு சில மருந்துகளால் வாய் உலரும். தாய்ப்பால் கொடுப்பவருக்குத் தாகம் கூடுவது இயல்பு. கசிப்பு உடம்பு நீரை வற்றச் செய்யும். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் சிறுநீர் குறைவும் இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம்; மாணிக்கக் குழியிலோ வயலிலோ வெள்ளச் சேற்றிலோ இறங்கியவர்கள் அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

குடிக்காமல் அடக்கும் தாகம்

இதுவரை சொன்னது தாகத்தைப் பற்றி. தாகம் எடுத்தும் குடிக்காதவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். எமது எண்ணத்தில் அதுவே பெரிய விஷயம். காலை ஏழரை மணிக்கு மலைக்குப் போகும் பெண்கள் பலர் தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் போவதேயில்லை. கேட்டால், "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும் சாமி, மலையில எங்க போறது?" என்கிறார்கள். மறைவிடம் இல்லை, அட்டை, பாம்புப் பயம், கங்காணியும் பக்கத்தில். மாதவிடாய் நாட்களில் நிலைமை இன்னும் மோசம். ஆகவே பகல் முழுவதும் வாயைக் கட்டிக்கொண்டு, மாலையில் லயத்துக்கு வந்து ஒரேயடியாகக் குடிக்கிறார்கள். தலைவலி, சிறுநீர் எரிவு, நாளடைவில் சிறுநீரகக் கல் என்று இது வளர்கிறது. இவர்களிடம் போய் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சுகாதார வகுப்பு நடத்துவது வீண் வேலை. மலையில் மலசலகூடம் கேட்பதே இங்கு மருந்து. தோட்டமொன்றில் மாதர் சங்கத்தினர் எழுத்தில் கேட்டு, இரண்டு மலைகளில் தகரம் அடைத்த கூடங்களைப் பெற்றிருக்கிறார்கள். அங்கே போத்தல்கள் மலை ஏறத் தொடங்கிவிட்டன.

வெயிலில் உழைப்பவர் இருபது நிமிடத்துக்கொரு முறை ஒரு குவளை வீதம் குடிப்பது நல்லது. ஒரேயடியாகக் குடிப்பதைவிட இது உடம்பில் சேரும். மணிக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் வேண்டாம். அளவுக்கு மிஞ்சினால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்து. சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் போதுமான நீர் குடித்திருக்கிறீர்கள். கடுஞ்சாயத் தேத்தண்ணீர் நிறமென்றால் போதாது.

வயிற்றோட்டம் வந்தால் வெறும் தண்ணீர் மட்டும் காணாது. 1971இல் வங்காளதேச யுத்தத்தால் இடம்பெயர்ந்து இந்தியாவின் பொங்காவ் முகாமில் திரண்ட மக்களிடையே வாந்திபேதி பரவியது. ஊசிவழி ஏற்றும் சேலைன் தீர்ந்தபோது வைத்தியர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, உறவினர் கைகளாலேயே நோயாளருக்குப் பருகக் கொடுத்தார். ஏறத்தாழ 30 வீதமாக இருந்த இறப்பு 4 வீதத்துக்கும் கீழே இறங்கிற்று. நம் ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும் ஜீவனிப் பொதியும் அதே வகைக் கலவைதான். பொதி இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக்கூடாது.

கொட்டிலுக்கு முன்னால் நாலு பழைய உரப்பைகளில் மண் நிரப்பினால் வல்லாரையும் பொன்னாங்காணியும் வளர்க்கலாம். பந்தலிட இடமிருந்தால் ஒரு பீர்க்கங்கொடி. காலையில் ரொட்டிக்குப் பதில் வாரத்தில் மூன்று நாளாவது இலைக்கஞ்சி. 1977, 1981, 1983 வன்செயல்களின்போது இப்பகுதிகளை விட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிக் கமம் செய்யும் உறவுகளுக்கு ஒரு சொல். 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனிக்கப்பட்ட சிறுநீரக நோய் வவுனியாப் பக்கமும் உண்டு. அதன் காரணம் முழுமையாகத் தெளிவாகவில்லை என்றாலும், வெயிலில் தண்ணீர் இல்லாமல் வேலை செய்வது சிறுநீரகத்துக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. ஏற்கெனவே சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர், இளநீர் குடிக்கலாம் என்பதைக் கிளினிக் வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும். கிளினிக் கொப்பி மண்ணோடு போயிருந்தாலும் தயங்காமல் போங்கள். புதிதாக ஒன்று எழுதித் தருவார்கள்.