கடலடியில் பிறந்த மலை

பத்துமலைக்குச் சென்று வந்தவர்கள் அந்த 272 படிகளை மறந்திருக்க மாட்டார்கள். மூச்சு வாங்க மேலேறியதும் நம்மை வரவேற்கும் பெரிய குகையின் பாறை, ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது என்றால் நம்ப முடிகிறதா? (மலாய் மொழியில் ‘பத்து’ என்றால் கல். அங்கே பத்து மலைகளைத் தேட வேண்டாம்!)

ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அவ்விடம் ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான கடலாக இருந்தது. கடல்நீரில் கரைந்திருந்த பொருள்களைக் கொண்டு பவளங்களும் சிப்பிகளும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் தங்களுக்கு ஓடுகளையும் கூடுகளையும் அமைத்துக்கொண்டன. அவை கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. உயிர்கள் மடிந்தபின் அந்த ஓடுகள் கடலடியில் சேறாகப் படிந்தன. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகள் தம் எடையாலேயே அழுந்தி இறுகிச் சுண்ணாம்புப் பாறையாயின. பின்னர், நில ஓட்டின் அசைவால் கடலடி மேலெழுந்து நிலமாகியது.

ஆனால், பத்துமலையில் சிப்பிகளின் தடயங்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பூமியின் உள்ளிருந்து எழுந்த பாறைக்குழம்பின் வெப்பம், அந்தச் சுண்ணாம்புப் பாறையைப் பெரும்பாலும் பளிங்காக மாற்றிவிட்டது. ஓடுகளின் உருவம் அதில் அழிந்துபோனது.

இவ்வளவு உறுதியான பாறையைக் குடைந்தது எது? மழைநீர்தான். பெய்யும்போது மழை காற்றிலுள்ள கரிவளியைச் சிறிதளவு கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் மட்கும் இலைகளும் வெளியிடும் கரிவளியை இன்னும் அதிகமாகச் சேர்த்துக்கொள்கிறது. இதனால் அந்நீர் மிக மென்மையான அமிலமாகிறது. நாம் குடிக்கும் சோடா நீரிலும் இதே அமிலம்தான் உள்ளது. அமிலம் கால்சியம் கார்பனேட்டை என்ன செய்யும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். முட்டை ஓடும் அதே பொருளால் ஆனதுதான். அதை வினிகரில் போட்டால் உடனே குமிழிகள் கிளம்பும். ஒரு நாள் கழித்து ஓடு பெரும்பாலும் கரைந்திருக்கும்.

வினிகர் ஒரு நாளில் செய்வதை மழைநீர் இலட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்கிறது. பாறையின் விரிசல்களில் இறங்கி, அவற்றைக் கரைத்துக் கரைத்து அகலப்படுத்துகிறது. விரிசல் குழாயாகி, குழாய் குகையாகிறது. சரவாக்கின் முலு மலைப்பகுதியில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட ஒரு குகைக்கூடம் ஏறத்தாழ 600 மீட்டர் நீளமுடையது!

வியப்பு என்னவென்றால், கரைக்கும் அதே நீர் குகைக்குள் கட்டவும் செய்கிறது. கூரையிலிருந்து சொட்டும் துளி, தன்னிடமுள்ள கரிவளியைக் குகைக் காற்றில் விட்டுவிடுகிறது. உடனே அது சுமந்துவந்த சுண்ணாம்பில் ஒரு சிறு பகுதி கூரையிலேயே ஒட்டிக்கொள்கிறது. துளித்துளியாக அது ஆலம் விழுதுபோல் கீழ்நோக்கி வளர்கிறது. தரையில் விழும் துளிகளோ மேல்நோக்கிக் கல் முளைகளை வளர்க்கின்றன. ஒரு கல் விழுது ஒரு மில்லிமீட்டர் வளரப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் பிடிக்கும். அதைக் கையால் தொட்டாலே நம் தோலின் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டு, அதன் வளர்ச்சி தடைபடலாம். உடைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஈப்போவுக்குச் செல்லும் சாலையோரம் செங்குத்தாக நிற்கும் குன்றுகளைக் கண்டிருப்பீர்கள். அவையும் சுண்ணாம்புப் பாறைகளே. அவற்றின் அடிவாரத்தை ஓடையும் சதுப்பு நீரும் கரைத்து உட்குழிவாக்குகின்றன. மேலேயுள்ள பாறை பிடிமானமின்றித் தொங்குகிறது. ஒரு நாள் பெயர்ந்து விழுகிறது. குன்றின் முகம் சுவர்போல் நிமிர்ந்து நிற்பதற்கு இதுவே காரணம். 1973ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஈப்போவின் குனோங் செரோ குன்றிலிருந்து ஒரு மாபெரும் பாறைத்துண்டு சரிந்து, அடிவாரத்தில் குடியிருந்த ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். குன்றடியில் ‘பாறை விழும் அபாயம்’ என்ற அறிவிப்பைக் கண்டால் விலகி நிற்க வேண்டியது இதனால்தான்.

குன்றுகளை மனிதனும் கரைக்கிறான், வெடிமருந்தால். சிமெண்டுக்கும் சாலைக்கும் சுண்ணாம்புக்கல் தேவை. பத்துமலையில் கல்லுடைப்பு நின்றுவிட்டாலும் கிந்தா பள்ளத்தாக்கில் தொடர்கிறது. அங்குள்ள சில குன்றுகள் பாதி வெட்டிய நிலையில் நிற்கின்றன.

கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தடியிலும் இந்தக் கரைதல் நடக்கிறது. கோலாலம்பூரின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையின்மேல் அமைந்துள்ளது. இரட்டைக் கோபுரத்தைக் கட்டுவதற்கு முன் நிலத்தைத் துளையிட்டுப் பார்த்த பொறியாளர்கள், கீழேயுள்ள பாறை ஓரிடத்தில் மேலாகவும் ஓரிடத்தில் மிக ஆழத்திலும், குழிகளோடு இருப்பதைக் கண்டனர். ஆகவே, கட்டுமிடத்தையே ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி அமைத்தனர். சில இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் ஆழமாக இறங்கும் தூண்கள், அந்தப் பாறையின்மேல் ஊன்றி நிற்கவில்லை. சுற்றியுள்ள மண்ணை இறுகப் பற்றிக்கொண்டுதான் கோபுரங்களைத் தாங்குகின்றன.