பரமார்த்த குருவும் ஐந்து சீடரும்

சென்னையிலிருந்து புறப்படும் கப்பல் ஏறக்குறைய மூன்று நாள் கடலில் வந்து ஹேடோ துறையை அடைகிறது. இறங்கியதும் பெட்டி படுக்கைகளுக்கு நடுவே நின்று, "எல்லாரும் வந்துவிட்டோமா?" என்று தலைகளை எண்ணிப் பார்ப்பவர் ஒருவர் குடும்பந்தோறும் உண்டு. அவர் சில வேளைகளில் தம்மையே எண்ண மறந்துவிடுவார். உடனே, "பரமார்த்த குரு கதையாக இருக்கிறதே!" என்று அருகில் நிற்கும் பெரியவர் சிரிப்பார்.

அந்தக் கதையைத் தமிழுக்குத் தந்தவர் தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்லர். 1680ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த பெஸ்கி என்னும் பாதிரியார், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் கடந்து வந்து தமிழ் கற்றார். வீரமாமுனிவர் எனப் பெயர் பெற்றார். 'தேம்பாவணி' என்னும் காப்பியமும் 'சதுரகராதி' என்னும் அகராதியும் இயற்றிய அதே புலவர், எளிய பேச்சு நடையில் இந்த நகைச்சுவைக் கதைகளையும் எழுதி, இலத்தீனில் தாமே மொழிபெயர்த்தார். தமிழைப் புதிதாகக் கற்கும் அயல்நாட்டார்க்கு அவை பயிற்சி நூலாக உதவின. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் என்பவர் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் இந்நூலைப் பதிப்பித்தார். தமிழில் நாவல் என்னும் வடிவம் 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தோடுதான் தொடங்குகிறது. எனினும், அதற்கு நூறாண்டுக்கு மேல் முன்னரே, ஒரே மாந்தர்களைத் தொடர்ந்து பின்சென்று உலகத்தை எள்ளி நகையாடும் உரைநடை நூலாகப் பரமார்த்த குரு கதை விளங்கியது.

குருவுக்குச் சீடர் ஐவர்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். பெயர்களைக் கேட்டாலே சிரிப்பு வரும். ஓர் ஆற்றைக் கடக்குமுன் அது விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்க்கிறார்கள். நீர் சீறுகிறது, ஆறு விழித்திருக்கிறது என்று அஞ்சிக் காத்திருக்கிறார்கள். பின்னர் அதே அணைந்த கட்டையை வைக்கும்போது ஓசை இல்லை, ஆறு உறங்கிவிட்டதாம்! அக்கரை சேர்ந்ததும் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு எண்ணி, அறுவரில் ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று அழுகிறார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விலை கொடுத்து வாங்குவதும் இவர்கள்தாம்.

இவ்வளவும் வெறும் முட்டாள்தனம் என்று கடந்துவிடலாகாது. சீடர்கள் சோம்பேறிகள் அல்லர், தீயவர்களும் அல்லர். குருவின் சொல்லை அப்படியே நிறைவேற்றத் துடிப்பவர்கள். சொன்னது சரியா என்று ஐவரில் ஒருவரும் கேட்பதில்லை. குருவிடம் படையும் இல்லை, கருவூலமும் இல்லை. அவருடைய அதிகாரம் முழுவதும் இந்த ஐவரின் தலையசைப்பில்தான் நிற்கிறது.

ஏறத்தாழ இதே காலத்தில், 1726இல், ஜோனதன் சுவிஃப்ட் என்பவர் ஆங்கிலத்தில் 'கலிவரின் பயணங்கள்' என்னும் அங்கத நாவலை வெளியிட்டார். ஆறு அங்குல உயரமே உள்ள மனிதர் வாழும் லில்லிபுட் என்னும் கற்பனைத் தீவு, அந்நூலின் நிலப்படத்தில் சுமத்திராவுக்குத் தென்மேற்கே காட்டப்பட்டுள்ளது. நிக்கோபாருக்குத் தெற்கே கடலைக் கடந்தால் வருவதும் அதே சுமத்திராதான். லில்லிபுட்டில் கயிற்றின்மேல் நன்றாகக் குதித்து ஆடுபவருக்கே உயர்பதவி கிடைக்கும். முட்டையைச் சிறிய முனையில்தான் உடைக்க வேண்டும் என்று அரசன் ஆணையிட, அதற்குப் பணிவதைவிடச் சாவதே மேல் என்று பதினோராயிரம் பேர் உயிர் விடுகிறார்கள். சுவிஃப்ட்டின் ஏளனம் பெரும்பாலும் ஆள்பவரை நோக்கிப் பாய்கிறது. வீரமாமுனிவரின் கதையிலோ கட்டளையிட்டவரும் கீழ்ப்படிந்தவரும் ஒரே குழியில் அகப்படுகிறார்கள். இது உவமை அன்று. கதையில் உண்மையாகவே ஒரு குழி வருகிறது.

கிழக் குதிரையின்மேல் குரு செல்லும்போது அவருடைய தலைப்பாகை கீழே விழுகிறது. எடுக்கும்படி எவரும் சொல்லாததால் சீடர்கள் அதை எடுக்கவில்லை. குரு சினந்து, விழுவது எதுவாயினும் எடுக்க வேண்டும் என்கிறார். சிறிது தொலைவில் குதிரை சாணம் இடுகிறது. அதையும் தலைப்பாகையில் ஏந்தி அவரிடம் நீட்டுகிறார்கள். இனி இந்தக் குழப்பமே வேண்டாம் என்று, எடுக்க வேண்டிய பொருள்களின் பட்டியல் ஓலையில் எழுதப்படுகிறது.

பின்பு ஓரிடத்தில் குதிரை இடறி, குருவே சேற்றுக் குழியில் விழுகிறார். "என்னைத் தூக்குங்கள்!" என்று கதறுகிறார். சீடர்கள் ஓலையை எடுத்து வரிசையாகப் படிக்கிறார்கள். தலைப்பாகை இருக்கிறது, எடுத்தாயிற்று. மேலாடை, வேட்டி இருக்கின்றன, அவற்றையும் எடுத்தாயிற்று. குருவின் பெயர் எங்கும் இல்லை. அவர் கெஞ்சுகிறார், வைகிறார். எழுத்தில் இல்லாததைச் செய்ய அவர்கள் இசையவில்லை. அவரே வகுத்த ஒழுங்கு அல்லவா அது! இறுதியில் குழியில் கிடந்தபடியே குரு அந்த ஓலையை வாங்கி, தாம் விழுந்தால் தம்மையும் எடுக்க வேண்டும் என்று எழுதித் தருகிறார். சீடர்கள் புதிய வரியைப் படித்துப் பார்த்துவிட்டுக் குருவைத் தூக்குகிறார்கள்.