துப்புரவுக்குப் பின் இயங்க மறுக்கும் அச்சுப்பொறி: பரிசோதனையும் நுகர்வோர் உரிமையும்

குடிவரவு விண்ணப்பங்கள், பிள்ளைகளின் பாடசாலை ஒப்படைகள், கோயில் விழா அறிவித்தல்கள் என வீட்டு அச்சுப்பொறிக்கு இன்றும் வேலை குறையவில்லை. எனினும், இங்க்ஜெட் எனப்படும் மைத்தெளிப்பு அச்சுப்பொறி சில வாரங்கள் பயன்படுத்தப்படாதிருந்தால், அதன் நுண்துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்கிறது. அடைப்பை நீக்கத் துப்புரவு செய்தபின் இயந்திரம் அறவே இயங்காமற் போவதும் உண்டு. பல வேளைகளில் இதற்குக் காரணம் மிகச் சிறியது. சில வேளைகளில் அது மின்னாபத்தின் அறிகுறி. இரண்டையும் வேறுபடுத்தி அறியும் முறையும், பழுது உறுதியானால் சட்டம் அளிக்கும் பாதுகாப்பும் இங்கு விளக்கப்படுகின்றன.

முதலில் பாதுகாப்பு

அவுஸ்திரேலிய வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் வழங்கப்படுகிறது. ஆகவே, எதனையும் தொடுவதற்கு முன் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, உலர்ந்த கையால் பிளக்கைக் கழற்ற வேண்டும். கருகிய மணம், புகை, வெடிப்பொலி ஆகியவற்றுள் ஒன்றேனும் காணப்பட்டிருந்தால் அந்த இயந்திரத்தை மீண்டும் மின்சாரத்துடன் இணைத்தல் ஆகாது. திருகாணிகளைக் கழற்றி வெளிக்கூட்டைத் திறப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். உள்ளேயுள்ள மின்வழங்கிப் பகுதி, பிளக் கழற்றப்பட்ட பின்னரும் சிறிது நேரம் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

அச்சுப்பொறியை இணைத்ததும் மின்பெட்டியிலுள்ள சேஃப்டி சுவிட்ச் விழுந்துவிட்டால், மின்சாரம் எங்கோ கசிகிறது என்பதே அதன் பொருள். அச்சுப்பொறியை அகற்றியபின் அந்த சுவிட்ச் நிலைத்து நின்றால் பழுது அச்சுப்பொறியில் இருக்கலாம். அதனை மீண்டும் இணைக்கக் கூடாது. அகற்றிய பின்னரும் சுவிட்ச் விழுந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

படிப்படியான பரிசோதனை

1. உலரவிடுதல். துப்புரவின்போது நீரோ வேறு திரவமோ உள்ளே சென்றிருந்தால், பிளக் கழற்றிய நிலையில், மூடிகளைத் திறந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் குறைந்தது 24 மணி நேரம் வைக்க வேண்டும். மிகுதியாக நனைந்திருந்தால் 48 மணி நேரம் நன்று. தலைமயிர் உலர்த்தியின் வெப்பம் பிளாஸ்டிக் பாகங்களை வளைத்துவிடும். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் மாவும் தூசியும் உள்ளே புகுமேயன்றிப் பயன் இல்லை.

2. இணைப்பைச் சரிபார்த்தல். துப்புரவுக்காக இயந்திரத்தை நகர்த்தும்போது, பின்புறத்தில் செருகப்பட்டுள்ள மின்கம்பியின் முனை தளர்ந்துவிடுவது வழக்கம். அதனைக் கழற்றி மீண்டும் இறுகச் செருக வேண்டும். பவர் போர்டைத் தவிர்த்துச் சுவரிலுள்ள இணைப்பில் நேரடியாகச் செருகிப் பார்க்க வேண்டும். அதே இணைப்பில் ஒரு மேசை விளக்கு எரிகிறதா என்பதையும் கவனித்தல் வேண்டும்.

3. எஞ்சிய மின்னேற்றத்தை நீக்குதல். மின்கம்பியைச் சுவரிலிருந்தும் இயந்திரத்திலிருந்தும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். பின்னர் 10 நிமிடங்கள் கழித்து மீண்டும் இணைக்கலாம்.

4. மூடிகளும் தடைகளும். மை மூடி, பின்மூடி, வருடிப் பலகை ஆகியன முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும். துணி இழை, கடதாசித் துண்டு, சரியாகப் பொருந்தாத கார்ட்ரிட்ஜ் ஆகியவையும் இயக்கத்தைத் தடுக்கலாம்.

5. அச்சுத்தலை. சில மாதிரிகளில் மை தெளிக்கும் அச்சுத்தலையைப் பயனரே கழற்ற முடியும். அதனை நீரிற் கழுவி, உலர்வதற்கு முன் பொருத்தினால், அதிலுள்ள மின்தொடர்புகள் குறுக்கிணைப்புற்றுக் கட்டுப்பாட்டுப் பலகையே பழுதடையக்கூடும். துப்புரவுக்குப் பின் நேரும் கடுமையான பழுதுகளில் இது முக்கியமானது. இயந்திரம் முற்றாக உலர்ந்தபின், அச்சுத்தலையின்றி இயக்கிப் பார்க்கலாம். அப்போது விளக்கு எரிந்தால் ஐயம் அச்சுத்தலை மீதே விழுகிறது. எரியாவிட்டால் மின்வழங்கியோ கட்டுப்பாட்டுப் பலகையோ பழுதடைந்திருக்கலாம். அவ்வாறாயின் புதிய அச்சுத்தலை வாங்கிப் பொருத்துவது பணத்தை இழக்கும் வழியாகவே முடியும், ஏனெனில் பழுதான பலகை புதிய தலையையும் கெடுக்கக்கூடும்.

விளக்கு ஒருமுறை மின்னிவிட்டு அணைந்தாலோ, மாறி மாறிச் சிமிட்டினாலோ, இயந்திரத்துக்கு மின்சாரம் கிடைக்கிறது என்று கொள்ளலாம். சிமிட்டல்களின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, பயனர் கையேட்டில் அதன் பொருளைத் தேட வேண்டும்.

சட்டம் அளிக்கும் பாதுகாப்பு

துப்புரவு செய்தவர் தாமே என்பதால் உரிமை முழுவதும் போய்விட்டது எனப் பலர் எண்ணி, கடைக்குச் செல்லாமலே புதிய இயந்திரம் வாங்கிவிடுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி, கடையில் விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருத்தல் வேண்டும். நியாயமான காலத்துக்கு உழைக்கவும் வேண்டும். இந்தச் சட்ட உத்தரவாதம், உற்பத்தியாளர் எழுதித்தரும் ஓராண்டு உத்தரவாதத்தினின்றும் வேறானது. அந்த ஓராண்டு முடிந்தாலும் இது தானாக முடிந்துவிடுவதில்லை.

அதே வேளை, பொருளை வழமைக்கு மாறாகப் பயன்படுத்திப் பழுதாக்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிட்டாது. கையேட்டில் கூறப்பட்டவாறு துப்புரவு செய்வது வழமையான பயன்பாடு என வாதிடத்தக்கது. நீர்க்குழாயின் கீழ் இயந்திரத்தைப் பிடித்துக் கழுவுவது அவ்வாறன்று. ஆகவே, என்ன செய்யப்பட்டது, எப்போது செய்யப்பட்டது என்பதை உண்மையாக எழுதி வைத்துக்கொள்ளுதல் நன்று.

முறையீட்டை முதலில் விற்பனையாளரிடமே செய்யலாம். ‘உற்பத்தியாளரிடம் செல்லுங்கள்’ என்று கூறி அவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. பற்றுச்சீட்டு இல்லையெனில், வங்கி அட்டைக் கூற்று போன்ற வேறு சான்றும் போதுமானது. பழுது பெரிதாயின், பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்றுப் பொருளைப் பெறுவதா என்பதைத் தெரிவு செய்பவர் நுகர்வோர். சிறிதாயின் திருத்தித் தர விற்பனையாளர் முன்வரலாம். தனியாரிடம் பழைய பொருளாக வாங்கிய அச்சுப்பொறிக்குத் தரம் பற்றிய இந்த உத்தரவாதம் பொருந்தாது.

இணக்கம் ஏற்படாவிடில், சிட்னிவாசிகள் நியூ சவுத் வேல்ஸ் ஃபெயார் டிரேடிங் அமைப்பையும், மெல்பேர்ன்வாசிகள் கன்ஸ்யூமர் அஃபெயர்ஸ் விக்டோரியா அமைப்பையும் நாடலாம்.

திருத்த இயலாத இயந்திரம்

விக்டோரியாவில் 2019 ஜூலை 1 முதல் பிளக், மின்கலம், மின்கம்பி ஆகியவற்றைக் கொண்ட எப்பொருளும் நிலநிரப்புக் குப்பைக்கு அனுப்பப்படல் ஆகாது. நியூ சவுத் வேல்சிலும் அவற்றைக் குப்பைத்தொட்டியில் இடாது மீள்சுழற்சிக்குக் கொடுப்பதே பொறுப்பான செயல். தொலைக்காட்சி மற்றும் கணினிகளுக்கான தேசிய மீள்சுழற்சித் திட்டத்தில் அச்சுப்பொறிகளும் அடங்குகின்றன. அத்திட்டத்தின் சேகரிப்பு நிலையங்களில் வீட்டார் அவற்றைக் கட்டணமின்றி ஒப்படைக்கலாம்.

மீண்டும் நேராதிருக்க

வாரம் ஒருமுறை ஒரு வண்ணப் பக்கத்தை அச்சிட்டால் மை உலராது. அடைப்பு ஏற்பட்டால், முதலில் இயந்திரத்தின் பட்டியலிலேயே உள்ள துப்புரவுக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். இருமுறைக்கு மேல் தொடர்ந்து செய்வது மையை வீணாக்கும். வெளிப்புறத்தைச் சற்றே ஈரமான துணியால் துடைத்தால் போதும். திரவத்தை நேரடியாகத் தெளித்தல் கூடாது. பெற்றோல், தின்னர் போன்ற தீப்பற்றும் திரவங்களை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது.

அவசரமாக ஒரு பத்திரத்தை அச்சிட வேண்டியோர் அருகிலுள்ள பொது நூலகத்தை நாடலாம். பெரும்பாலான நூலகங்களில் சிறு கட்டணத்துடன் இவ்வசதி உண்டு. நகரசபையுடனோ மேற்கூறிய அரச அமைப்புகளுடனோ தமிழில் உரையாட விரும்புவோர் 131 450 என்ற இலக்கத்தில் தேசிய மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் ஒருவரைக் கோரலாம்.